திகில் கதைகளில் பேயைக் கடைசிவரை காட்டாமல் இழுப்பது ஏன்?

திகில் என்பது இன்னும் கண்ணில் படாத ஒன்றுக்காக உடம்பு முன்கூட்டியே நடுங்குவது. அரைகுறையாகத் தெரிந்ததை மனம் தானே நிரப்பிக்கொள்ளும், அதுவும் மோசமானதைக் கொண்டே. கரண்ட் போன இரவில் கொடியில் காயும் வேட்டி ஆளாகத் தெரிகிறதே, அப்படி.

திகில் கதை எழுதும் நான் இதைக் கற்றது திருநெல்வேலிப் பக்கத்தில் சுடலைமாடன் என்ற காவல் தெய்வத்துக்கு எடுக்கும் கொடை விழாவில். நள்ளிரவில் சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது யாரும் எதிரே வரக் கூடாது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சலங்கைச் சத்தம் நெருங்குவதைக் கேட்ட சிறுவனுக்கு மாடன் பனை உயரம்! மறுநாள் அதே சாமியாடி திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தாழ்ப்பாளை என் கதைகளில் நான் திறப்பதில்லை.

பேயை நம்புகிறவரால்தான் பேய்க்கதை எழுத முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை கிடையாது, இருட்டில் காவோலை சலசலத்தால் நடையை எட்டிப் போடுவேன், அவ்வளவுதான்.