சாரி சொல்ல வச்சா சண்டை முடிஞ்சிடுமா?

தாராவில மூணாம் கிளாஸ் எடுக்குற டீச்சர் ஒருத்தங்க கேட்டிருக்காங்க. ஒரு பையன் இன்னொருத்தனோட பென்சில் பாக்ஸை மிதிச்சு உடைச்சுட்டானாம், எல்லார் முன்னாடியும் காதைப் பிடிச்சு சாரி சொல்ல வச்சாங்களாம், மறுநாள் ரீசஸ்ல அவனையே போட்டு அடிச்சிருக்கான், இப்ப அடிவாங்குன பையனோட அம்மா வந்து சத்தம் போடுறாங்க, என்ன பண்றதுன்னு.

மேடம், அந்த சாரில பாக்ஸ் உடைஞ்சவனுக்கு என்ன கெடைச்சுது? உடைச்சவனுக்கு அவமானம் மட்டும் மிச்சம், அத அவன் ரீசஸ்ல தீர்த்துக்கிட்டான். அதோட, கல்வி உரிமைச் சட்டம் 2009, 17வது பிரிவு அடிக்குறத மட்டும் இல்ல, மனசளவுல துன்புறுத்துறதையும் தடை பண்ணியிருக்கு, காதைப் பிடிக்க வைக்குறத விட்டுடுங்க.

முதல்ல ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டு பேசுங்க. "ஏன்டா பண்ணே"ன்னு மட்டும் கேக்காதீங்க, எட்டு வயசுப் பிள்ளைக்கு அதுக்கு பதில் தெரியாது, "தெர்ல மிஸ்"னு தலைய குனிஞ்சிக்கும். என்ன நடந்துச்சு, அப்ப மனசுல என்ன ஓடுச்சு, இதுனால யாருக்கெல்லாம் கஷ்டம், சரி பண்ண நீ என்ன செய்யலாம்னு கேளுங்க. கோவம் ஹிந்தில வந்தா ஹிந்திலயே பேசட்டும், விடுங்க. அடிபட்டவன்கிட்ட உனக்கு என்ன வேணும்னு கேளுங்க, அவன் சரின்னா மட்டும் ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வைங்க. முடிவு சின்னதா இருக்கட்டும், உடைஞ்ச பாக்ஸுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து டேப் ஒட்டலாம். வீட்ல இருந்து காசு வாங்கிட்டு வான்னு மட்டும் சொல்லிடாதீங்க, அது பையன் பண்ற பரிகாரம் இல்ல, அப்பாவோட ஒருநாள் கூலி. நாலு நாள் கழிச்சு ரெண்டு பேரையும் மறுபடி விசாரிக்கணும், இதத்தான் எல்லாரும் மறந்துடுறோம்.

இது பஞ்சாயத்து மாதிரிதானேன்னு சிலர் கேப்பாங்க. பஞ்சாயத்துல பெருசுங்க தீர்ப்பு சொல்லும், இங்க நீங்க கேள்வி மட்டும்தான் கேக்கணும். இப்படி உக்காந்து பேசித் தீர்க்குற முறைய, நியூசிலாந்தோட பூர்வகுடிகளான மாவோரி மக்களோட வழக்கத்துல இருந்து எடுத்து 1989லயே அங்க குடும்பக் கூட்டம்னு சட்டமாக்கிட்டாங்க, ஸ்கூலுக்கு 1994ல ஆஸ்திரேலியாவோட குவீன்ஸ்லாந்துல கொண்டு வந்தாங்க.

ஒண்ணு கவனிங்க, ஒரு பிள்ளைய நாலு பேர் சேர்ந்து தினமும் மெரட்டுறாங்கன்னா நேருக்கு நேர் உக்கார வைக்காதீங்க, அவன் பயத்துல எல்லாத்துக்கும் தலையாட்டுவான். பாலியல் விஷயம்னா இந்தப் பேச்சே வேண்டாம், பிள்ளைங்கள பாலியல் குற்றத்துல இருந்து பாதுகாக்குற போக்சோ சட்டப்படி போலீசுக்கு தகவல் சொல்லியே ஆகணும்.

அந்த அம்மாவ தனியா கூப்பிட்டு, முதல்ல அவங்க பேசி முடிக்குற வரைக்கும் கேளுங்க. அப்புறம் "உங்க பையன் என்ன கேட்டான் தெரியுமா"ன்னு ஆரம்பிங்க.