மூட்டுத் தேய்மானம் யாருக்கு வரும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வயதானால் எல்லோருக்கும் மூட்டு தேய்ந்துதான் ஆகுமா?

எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மிகப் பரவலான நோய் இது. 2019 கணக்கின்படி உலகில் சுமார் 52.8 கோடி பேருக்கு இருந்தது. அவர்களில் 60 சதவீதம் பெண்கள், 73 சதவீதம் 55 வயதைத் தாண்டியவர்கள். அப்படியானால் கால்வாசிக்கும் மேற்பட்டோர் அந்த வயதை எட்டாதவர்கள்! அதிகம் அகப்படுவது முழங்கால்தான்.

கேள்வி: எனக்கு 32 வயது. கால்பந்து ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது வலியில்லை. பிற்காலத்தில் தொல்லை வருமா?

வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். அறுவை சிகிச்சை மூட்டின் ஆட்டத்தை நிறுத்தும். அடிபட்ட அன்றே குருத்தெலும்புக்கு (எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான உறைக்கு) நேர்ந்த சேதத்தை அது அழிப்பதில்லை. அந்தச் சேதம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சத்தமில்லாமல் கிடக்கும்; பிறகு ஒருநாள் படியிறங்கும்போது வலியில் கை தானாகக் கைப்பிடியைத் தேடும். அதற்காகக் காலை மடக்கி உட்கார்ந்துவிடாதீர்கள். தொடையின் முன்தசையை வலுவாக வைத்திருங்கள். முழங்காலின் பாரத்தில் பங்கெடுப்பது அதுதான். 'தேய்மானம்' என்ற சொல்லே எனக்கு உடன்பாடில்லை. மூட்டு டயர் அல்ல, உயிருள்ள உறுப்பு. அளவான அசைவு இருந்தால்தான் குருத்தெலும்புக்கு ஊட்டம் போய்ச் சேரும்.

கேள்வி: அம்மாவுக்கு விரல் நுனி மூட்டுகளில் கெட்டியான முடிச்சுகள் உண்டு. 50 வயதில் எனக்கும் தலைகாட்டுகின்றன.

தாய்வழிச் சொத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். நகத்தை ஒட்டிய மூட்டில் எலும்பு புடைக்கும் இந்த வகை குடும்பங்களில் தொடர்வது. மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களிடம் அதிகம். பெரும்பாலும் வலி நாளடைவில் தணியும், முடிச்சு மட்டும் நிற்கும்.

கேள்வி: உடல் பருமன் முழங்காலை மட்டும்தானே பாதிக்கும்?

அப்படித்தான் முன்பு நினைத்தோம். ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் குறைகிறது என்பது உண்மையே. ஆனால் பருமனானவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளிலும் இந்நோய் கூடுதலாக வருகிறது. யாரும் கையால் நடப்பதில்லையே! கொழுப்புத் திசு சுரக்கும் அழற்சிப் பொருள்களுக்கும் இதில் பங்கு உண்டு.

கேள்வி: நெட்டி முறித்தால் வருமா?

வராது. டொனால்டு அங்கர் என்ற மருத்துவர் 60 ஆண்டுகளாக இடக்கையில் மட்டும் நெட்டி முறித்துப் பார்த்தார். இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை.

கேள்வி: வயது 28. காலையில் எழுந்தால் இரு கைகளும் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடியவில்லை.

தேய்மானத்தில் காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிடும். உங்களுடையது, உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். வலி மாத்திரையில் நாளைக் கடத்தாமல் இந்த வாரமே மூட்டுவாத நிபுணரிடம் காட்டுங்கள்.