457, 380, 75: பழைய திருட்டு வழக்குத் தீர்ப்பைப் படிப்பது எப்படி?

கேள்வி: திருமங்கலம் தாலுகாவில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பு நகல் ஒன்று கிடைத்தது. ஆங்கிலத்தில் இருக்கிறது. என் கொள்ளுத் தாத்தாவுக்கு இ.பி.கோ. 457, 380, 75 ஆகிய பிரிவுகளில் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் இரண்டு ஆண்டு ஆர்.ஐ. கொடுத்திருக்கிறார். பொருளின் மதிப்பு ரூ. 11-4-0. முன்பு 379இல் ஒரு தண்டனை என்றும் குறித்திருக்கிறது. அவர் கன்னம் வைப்பதையே, அதாவது சுவரைத் துளைத்துத் திருடுவதையே, தொழிலாகக் கொண்டவரா? குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பிடித்துப் போட்டார்களா? மேற்கொண்டு எங்கே தேடலாம்?

பதில்: இந்த மூன்று எண்களை வைத்து மட்டும் உங்கள் கொள்ளுத் தாத்தாவை எடைபோட்டுவிட வேண்டாம். அவை என்ன சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

இ.பி.கோ. எனப்படும் இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் 2024 ஜூன் 30 வரை நடைமுறையில் இருந்தது. அதில் 457 என்பது, குற்றம் செய்யும் நோக்கத்தோடு இரவில் ஒளிந்து வீடு புகுவது அல்லது வீட்டை உடைத்துப் புகுவது. இரவு என்றால் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை. 380 என்பது குடியிருக்கும் வீட்டுக்குள் நடந்த திருட்டு. ஆக, ஒரே இரவில் நடந்த ஒரே சம்பவத்தில் உள்ளே போனதற்கு ஒரு பிரிவு, எடுத்ததற்கு ஒரு பிரிவு. இரண்டு தடவை திருடினார் என்று அர்த்தமில்லை.

‘உடைத்துப் புகுதல்’ என்ற சொல்லைக் கண்டதும் கன்னக்கோலும் சுவரில் ஓட்டையும் மனதில் வருவது இயல்பு. ஆனால் சட்டம் அதை மிக அகலமாக வரையறுத்திருக்கிறது. 445ஆம் பிரிவு ஆறு வழிகளைச் சொல்கிறது. சுவரில் துளை போட்டுக் கையை மட்டும் உள்ளே விட்டாலும் அது வீட்டை உடைத்தல்தான். கதவில் இருக்கும் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டு நாதாங்கியைத் தூக்கினாலும் அதே குற்றம். வீட்டுக்காரர் தொலைத்த சாவி கையில் கிடைத்து, அதைக் கொண்டு திறந்து போனாலும் அதே குற்றம். இவை மூன்றும் சட்டத்தோடு சேர்த்துத் தரப்பட்ட உதாரணங்கள். உங்கள் நகலில் சுவர் பற்றிய வரி இருக்கிறதா என்று தேடுங்கள். மண் சுவரில் கன்னம் வைத்த வழக்கு என்றால், துளை எந்தப் பக்கம், கதவு நிலையிலிருந்து எவ்வளவு தூரம், ஆள் நுழையும் அளவா கை நுழையும் அளவா என்று சாட்சியத்தில் வர வேண்டும். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் கை போகும் அளவு துளை என்றால், உள்ளே கைவிட்டுத் தாழை நீக்கிய வழக்கு. ஓட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் பெரும்பாலும் கதவு வழியாகத்தான் போயிருப்பார். கன்னம் வைப்பதில் பழகியவரா என்று தீர்மானிக்க நகலில் உள்ள நேரடித் தடயம் இது ஒன்றுதான்.

அடுத்தது 75. படிப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. நாணயம், சொத்து தொடர்பான குற்றங்களில் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை ‘விதிக்கக்கூடிய’ குற்றத்துக்கு ஏற்கெனவே தண்டனை பெற்றவர், மறுபடி அதே மாதிரிக் குற்றம் செய்தால், ஆயுள் தீவாந்தரம் அல்லது பத்து ஆண்டு வரை தண்டனையைக் கூட்டலாம் என்கிறது இந்தப் பிரிவு. அளவுகோல் என்ன தண்டனை கிடைத்தது என்பதல்ல, அதிகபட்சம் என்ன கிடைத்திருக்கலாம் என்பது. சாதாரணத் திருட்டான 379க்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதனால் ஒரு கோழியைத் திருடி ஒரு வாரம் உள்ளே இருந்தவரும் 75க்குள் வந்துவிடுவார். ‘முன் தண்டனை 379’ என்பதைப் படித்ததும் பழைய கேடி என்று முடிவு கட்டாதீர்கள். அந்த முதல் வழக்கின் தேதியும் தண்டனையும் நகலிலேயே, குற்றச்சாட்டுப் பகுதியின் கடைசியில் எழுதப்பட்டிருக்கும். அதை வைத்துத்தான் எடைபோட முடியும்.

தண்டனையின் அளவும் ஒரு சேதி சொல்கிறது. திருட்டு நோக்கத்தோடு செய்த 457க்கு அதிகபட்சம் 14 ஆண்டு. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் இரண்டு ஆண்டும் 1,000 ரூபாய் அபராதமும்தான் விதிக்கலாம். இரண்டாம் வகுப்புக்கு ஆறு மாதமும் 200 ரூபாயும், மூன்றாம் வகுப்புக்கு ஒரு மாதமும் 50 ரூபாயும். முன் தண்டனை உள்ளவரை, தன் அதிகாரத்துக்குள் அடங்கும் தண்டனை போதாது என்று தோன்றினால், மாஜிஸ்திரேட் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். இவர் அனுப்பவில்லை. தன்னால் கொடுக்க முடிந்த அதிகபட்சத்தைக் கொடுத்து அத்தோடு முடித்துக்கொண்டார். கடுமையானவர்தான், ஆனால் இந்த வழக்கைப் பெரிய வழக்காக அவர் கருதவில்லை. ஆர்.ஐ. என்றால் கடுங்காவல். அதற்குக் கீழே தனிமைச் சிறை என்று ஏதேனும் வரி இருக்கிறதா பாருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனையில் மூன்று மாதம் வரை அதைச் சேர்க்கலாம். இதே காலத்து வேறு நகல்களில் சிறைக்குப் பதிலாகப் பிரம்படி என்று கண்டாலும் வியப்படைய வேண்டாம். 1864லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருந்தது.

ரூ. 11-4-0 என்பதைப் பதினோரு ரூபாய் நாலு அணா என்று படிக்க வேண்டும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. இந்தத் தொகை புகார்தாரர் சொன்ன மதிப்பு. அதைவிட முக்கியம் பொருள்களின் பட்டியல். செம்பு, சேலை, ஒரு மூட்டை நெல் என்றிருந்தால் ஒரு கதை. தண்டட்டி, காசுமாலை என்று நகைகளாக இருந்தால் வேறு கதை.

இனி, அவர்தான் செய்தார் என்று எப்படி நிரூபித்தார்கள் என்பது. என் கருத்தில் நகலிலேயே மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பத்தி இதுதான். 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்துவிட்டது: காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருள் தொடர்பாக அவர் சொன்ன பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் ‘வேலி ஓரம் புதைத்து வைத்ததைத் தானே எடுத்துக் கொடுத்தார்’ என்ற மாதிரி வாசகம் வழக்குக்கு வழக்கு வருகிறது. உண்மையாகவே எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு, வழக்கு நிற்பதற்காக அப்படி எழுதப்பட்டவர்களும் உண்டு. வித்தியாசம் தெரிய மூன்றைப் பாருங்கள்: மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவில், கையெழுத்துப் போட்டவர்கள் யார், கிராம முன்சீப்போ தலையாரியோ உடன் இருந்தார்களா, திருடு போன நாளுக்கும் பொருள் கிடைத்த நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி. திருட்டுப் பொருள் சீக்கிரமே ஒருவர் கையில் இருந்தால், அவர் திருடியிருக்கலாம் அல்லது தெரிந்தே வாங்கியிருக்கலாம் என்று கோர்ட் அனுமானிக்க அதே சட்டத்தின் 114ஆம் பிரிவு இடம் கொடுத்தது. மாதக்கணக்கில் இடைவெளி விழுந்தும் 411, அதாவது திருட்டுப் பொருளை வாங்கிய குற்றம், போடாமல் 457 போட்டிருந்தால் அந்தத் தீர்ப்பை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் வேறு விஷயம். 1871இல் வடக்கே தொடங்கிய அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான் அமலுக்கு வந்தது. மதுரைப் பக்கம் 1914இல் கீழக்குடியில் ஆரம்பித்து, 1918க்குப் பிறகு மற்றப் பிரமலைக் கள்ளர் ஊர்களுக்கும் விரிந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது 1920 ஏப்ரல் 3. உங்கள் நகல் 1913. அந்த வட்டாரத்தில் அறிவிப்பு வருவதற்கு முந்தைய ஆண்டு என்பதால், இது பொதுச் சட்டத்தின் கீழ் வந்த தனி வழக்குதான். பின்னாளில் அவர் பெயர் ரேகைப் பதிவேட்டில் ஏறியிருந்தால்கூட அதற்கும் இந்தத் திருட்டுக்கும் தொடர்பு தேவையில்லை. ஊரும் சாதியும் அறிவிக்கப்பட்டாலே போதும், ஒரு குற்றமும் செய்யாதவர்களும் ரேகை வைத்து, ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டோடு நடமாட வேண்டியிருந்தது. இந்த இரண்டு வகை ஆவணங்களையும் குழப்பிக்கொண்டு, எந்தத் தப்பும் செய்யாத பெரியவர்களைக் குடும்ப வரலாறுகளிலேயே திருடர்களாக எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அதே போல 109, 110 என்ற எண்களோடு நகல் கிடைத்தால், அது நடைமுறைச் சட்டத்தின் நன்னடத்தை ஜாமீன் வழக்கு. திருட்டு நிரூபணமே இல்லாமல், ஜாமீன் கொடுக்க ஆளில்லாததால் சிறைக்குப் போனவர்கள் அதில் உண்டு.

தேடலுக்கு வருவோம். நகலின் அடியில் மூன்று தேதிகள் இருக்கும்: நகலுக்கு மனுக் கொடுத்த நாள், தயாரான நாள், கொடுக்கப்பட்ட நாள். ஒரு குடும்பம் செலவழித்து நகல் வாங்குவது பெரும்பாலும் அப்பீலுக்குத்தான். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் தீர்ப்பின் மேல் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். எனவே அந்த வழக்கின் சி.சி. எண்ணையும், அதாவது காலண்டர் கேஸ் எண்ணையும், தீர்ப்புத் தேதியையும் எழுதிக்கொண்டு, மதுரை மாவட்ட நீதிமன்ற ஆவண அறையில் 1913, 1914ஆம் ஆண்டுகளின் கிரிமினல் அப்பீல் பதிவேட்டைக் கேளுங்கள். தண்டனை குறைந்ததா, விடுதலையே ஆனாரா என்பது அங்கேதான் தெரியும். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக் கட்டு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கெடு முடிந்ததும் அவற்றை அழித்துவிடுவது வழக்கம். 379 வழக்கு கிடைப்பது அதைவிடக் கடினம்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தனி ஆள் பெயரில் சிறு திருட்டு வழக்கைத் தேடுவது வீண். அங்கே பார்க்க வேண்டியவை, ஆண்டுதோறும் வந்த போலீஸ் நிர்வாக அறிக்கையும், ஜுடீஷியல் துறை அரசாணைகளும், குற்றப் பரம்பரை அறிவிப்புகள் வந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்டும். உங்கள் ஊர் எந்த ஆண்டு அறிவிக்கப்பட்டது என்பதைக் கெசட்டில் உறுதி செய்துகொள்ளலாம். 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் பிரிந்ததால், பழைய 379 வழக்கு அந்தப் பிரிவினைக்குப் பிறகு அருப்புக்கோட்டைப் பக்கம் நடந்திருந்தால் அது வேறு மாவட்டத்தின் கணக்கில் போயிருக்கும்.

நகலை லேமினேஷன் செய்ய வேண்டாம். நூறாண்டுத் தாளைச் சூட்டில் பிளாஸ்டிக்கோடு ஒட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது. மடிப்பை மெதுவாக விரித்து, இரண்டு பக்கமும் முத்திரை தெரியும்படி படமெடுத்துக்கொண்டு, அமிலமில்லாத காகித உறையில் தட்டையாக வையுங்கள். பின்பக்கத்தைப் படமெடுக்க மறந்துவிடாதீர்கள், கோர்ட்டுக் கட்டண ஸ்டாம்பும் அப்பீல் எண்ணும் பல நேரம் அங்கேதான் இருக்கும்.