"கேஸ் முடிஞ்சு போச்சு" என்றால் நம்பலாமா?

வாசகர் கேள்விகளுக்கு, நீதிமன்ற நகல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டை ஒட்டிய 40 சென்ட் காப்பித் தோட்டம் விலைக்கு வருகிறது. வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. ஆனால் விற்பவருக்கும் அவர் அண்ணனுக்கும் சேலம் கோர்ட்டில் பாக வழக்கு நடந்ததாம். கேட்டால், "அது எப்பவோ முடிஞ்சு போச்சும்மா" என்கிறார். வழக்கில் சம்பந்தப்படாத நான் அந்தக் காகிதங்களைப் பார்க்க முடியுமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: முடியும் அம்மா. பார்க்கிற வரைக்கும் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வில்லங்கச் சான்றில் வருவது சார்பதிவகத்தில் பதிவானவை மட்டும்தான். பாகம் கேட்டு ஒருவர் பிராது போட்டால் அது தானாக அதில் ஏறாது. வழக்கு நடக்கும்போது நீங்கள் வாங்கினால், 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, வரும் தீர்ப்பு உங்களையும் கட்டும். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்கு முன், வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தை வீட்டிலிருந்தே பாருங்கள். காசு கிடையாது. தமிழ்நாடு, சேலம், கோர்ட் வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, விற்பவர் பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் எப்படித் தட்டினார்களோ அப்படியே போட்டால்தான் வரும். பழனியப்பன் என்ற ஒரு பெயரையே நான் நாலு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் மூன்று எழுத்து போதும். அண்ணன் பெயர், அப்பா பெயர் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். வழக்கு கிடைத்தால் அதன் சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட, அந்த வழக்குக்கே உரிய அடையாள எண் அது.

இனிதான் கவனம் வேண்டும். 'டிஸ்போஸ்டு', அதாவது முடிக்கப்பட்டது, என்று இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். பாக வழக்கில் முதலில் வருவது பிரிலிமினரி டிகிரி, அதாவது முதல்நிலைத் தீர்ப்பாணை. யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும்தான் அது சொல்லும். எந்த மூலை யாருக்கு என்பது, கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் வந்து அளந்து, பைனல் டிகிரி என்ற இறுதித் தீர்ப்பாணை ஆன பிறகுதான். இரண்டுக்கும் நடுவில் பத்து வருடம் கிடந்த கட்டுகளை நான் கையால் தூக்கியிருக்கிறேன். தளத்தில் கேஸ் முடிந்திருக்கும், மண்ணில் ஒரு கல்கூட நட்டிருக்க மாட்டார்கள். உங்கள் 40 சென்ட் அண்ணன் பங்கில் விழாது என்று இன்று யார் சொல்ல முடியும்? ஆஜராகாமல் தள்ளுபடியான வழக்கும் 'டிஸ்போஸ்டு' கணக்கில்தான் வரும், மனுப் போட்டு அதைத் திரும்பக் கோப்பில் எடுக்கலாம். அப்பீல் இருக்கிறதா என்பதையும் தனியாகத் தேட வேண்டும்.

ஆகவே தீர்ப்பு, டிகிரி இரண்டின் சான்றிட்ட நகலையும் கையில் வாங்குங்கள். தீர்ப்பு தளத்தில் ஏறியிருந்தால் படித்துப் பார்க்கலாம், ஆனால் அது சான்றிட்ட நகல் ஆகாது. விற்பவர் வழக்கின் கட்சிக்காரர், அவர் சாதாரண நகல் மனுப் போட்டாலே கிடைத்துவிடும். முதலில் அவரிடமே கேளுங்கள். மழுப்பினால் அதுவே உங்களுக்கு ஒரு பதில். அப்புறம் நீங்களே போடலாம். மூன்றாம் நபர் என்பதால், எதற்காக வேண்டும் என்று அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) இணைத்து, கோர்ட் உத்தரவு பெற வேண்டும். சொத்தை வாங்கப் போகிறேன் என்பது நேர்மையான காரணம், மறைக்காமல் எழுதுங்கள். அஸ்தம்பட்டி கோர்ட் வளாகம் நீங்கள் மலையிலிருந்து இறங்கி வரும் வழியில்தான், கோரிமேடு தாண்டி.

மனுவைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். எத்தனை ரூபாய்க்கு நகல் ஸ்டாம்ப் வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவார்கள். கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு அடிபட்டுப் போகும். நான் இருந்த பிரிவுக்கு மலைக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். தபாலில் வரும் என்று நம்பி இரண்டு முறை மனு அடிபட்டுப் போனது. மூன்றாம் முறை மனுவை வாங்கிக்கொண்டு போர்டு வரைக்கும் நானே கூட்டிப்போய்க் காட்டினேன். படிக்கத் தெரியாது என்று அப்போதுதான் சொன்னார்.

நகல் வந்ததும் அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். மனுக் கொடுத்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள் எல்லாம் வரிசையாக இருக்கும். அப்பீலுக்குக் கெடு எண்ணும்போது நகலுக்காகப் போன நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானக் கணக்கு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

கேள்வி: 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்திலேயே கோர்ட் நகலை வாங்கிவிட முடியாதா?
- வாசகர், ஓமலூர்

பதில்: முடியாது. கோர்ட் ஆவண நகலுக்கு உயர் நீதிமன்ற விதிகளின்படிதான் மனுச் செய்ய வேண்டும் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நேரே நகல் மனுவே போடுங்கள் தம்பி.