நாலாவது வருஷம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். பிளஸ் டூவில் நல்ல மார்க். பொறியியலுக்குக் கட்-ஆஃப் 171. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் கிடைக்கும் என்று பிரவுசிங் சென்டரில் சொல்கிறார்கள். அவளோ பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் நேர்காணல் வரை போய், இயற்பியல் நான்கு வருட ஹானர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். கட்டணத்தில் பாதி சலுகை உண்டாம். "மூணு வருஷத்துல முடியற பி.எஸ்சி.யை நாலு வருஷம் படிக்கிறதா? பொம்பளப் புள்ளைக்கு ஒரு வருஷம் வீண்" என்கிறார் என் மச்சான். கோயம்புத்தூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி மூணு வருஷப் படிப்பு படிக்கட்டும் என்கிறார் அண்ணன். பெங்களூர் தூரம் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. ஹானர்ஸ் பட்டம் அரசு வேலைக்குச் செல்லுமா? கடன் வாங்கலாமா? நாலு நாளாக வீட்டில் இதே பேச்சு. அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். ஒரு வழி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இப்படிப்பட்ட கடிதங்களுக்குத் தனியாகத்தான் பதில் எழுதுவேன். இதைப் பொதுவில் எழுதுவது உங்கள் மச்சானின் அந்த ஒரு வாக்கியத்துக்காக. முப்பது வருஷமாக அது என் காதை விட்டுப் போகவில்லை.

கேட்டவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அரசு வேலைக்குச் செல்லும். குரூப் 1 தேர்வுக்கே ஒரு பட்டம் இருந்தால் போதும். கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பியுங்கள். 4 லட்சம் வரை வங்கி ஈடு கேட்கக் கூடாது, கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். தூரத்தைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை. உங்கள் ஊரிலிருந்து பெங்களூர் நூறு கிலோமீட்டர் சொச்சம். கோயம்புத்தூர் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எது தூரம்?

இனி அந்த "ஒரு வருஷம்". பர்கூரில் பி.இ. எத்தனை வருஷம் தம்பி? நாலு. அதில் எந்த வருஷத்தையாவது உங்கள் மச்சான் வீண் என்றாரா? இயற்பியல் என்றதும்தானே விரலை மடக்க ஆரம்பித்தார்?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டத்தில் கணக்கு தெளிவாக இருக்கிறது. மூன்று வருஷம், 120 கிரெடிட் (படித்த பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) முடித்தால் சாதாரணப் பட்டம். நாலாவது வருஷமும் படித்து 160 ஆக்கினால் ஹானர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 விழுக்காடு எடுத்தவர்கள் அந்த நாலாவது வருஷத்தை ஆராய்ச்சியோடு படிக்கலாம். ஆராய்ச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாலு வருஷம் முடித்தவர்களுக்கு எம்.எஸ்சி. ஒரே வருஷம். மூணும் ரெண்டும் அஞ்சு, நாலும் ஒண்ணும் அஞ்சு. வருஷம் எங்கே வீணானது? 75 விழுக்காட்டோடு முடித்தால் எம்.எஸ்சி. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. ஒரு வருஷ எம்.எஸ்சி. இன்னும் எல்லா இடத்திலும் வரவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

நீங்கள் போடாமல் விட்ட கணக்கு ஒன்று உண்டு. உங்கள் மகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. பொறியியலில் அவளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். அந்தப் பட்டியலில் 171-க்குப் பர்கூரைத் தாண்டியும் கல்லூரிகள் கிடைக்கலாம். பிரவுசிங் சென்டரில் இதைச் சொன்னார்களா? பெங்களூரில் பாதிக் கட்டணம் போக மீதியும் சாப்பாடும் உங்கள் தலையில். உட்கார்ந்து பேச வேண்டியது இந்த ரூபாய்க் கணக்கை. அதை விட்டுவிட்டு நாலு நாளாக அவள் வயசைக் கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

1995-ல் நான் தருமபுரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். பி.எட். அப்போது ஒரே வருஷம். சேலத்தில் இடம் கிடைத்தது, விடுதியில் தங்க வேண்டும். பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் கூடினார்கள். நான் கதவுக்குப் பின்னால். பெரியப்பா விரலை மடக்கினார்: "இப்ப இருபத்தொண்ணு. முடிச்சா இருபத்திரெண்டு. ஒரு வருஷம் வீண்." என் அண்ணன் அப்போது மூணு வருஷ டிப்ளமோவை அரியரோடு அஞ்சாவது வருஷமாக எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கு யாரும் விரல் மடக்கவில்லை. அம்மா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். பெரியப்பா அதைச் சொன்னபோது துடுப்புச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிண்ட ஆரம்பித்தாள்.

அந்தத் தை மாதம் கல்யாணம். என்னோடு படித்தவர்கள் 1996-லேயே பி.எட். முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டார்கள். பின்னால் பதிவு மூப்பில் ஆள் எடுத்தபோது ஒவ்வொருவராக அரசுப் பள்ளிக்குப் போனார்கள். நான் இரண்டு பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, 31 வயதில், இருபத்தொரு வயசுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஒரு வருஷத்தைப் படித்தேன். பதிந்தது 2006-ல். என் முறை வரும் முன்பே 2012-ல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்துவிட்டது. கடைசி வரை தனியார் பள்ளிச் சம்பளம்தான். பெரியப்பா மிச்சம் பிடித்துக் கொடுத்த ஒரு வருஷத்துக்கு நான் பத்து வருஷம் கட்டினேன்.

பி.எட். சேர்ந்த அன்று பஸ் ஸ்டாண்டில் அம்மா சொன்னாள்: "அன்னைக்கே நான் வாயத் தொறந்திருக்கணும்டி." அவள் இப்போது உயிரோடு இல்லை. அந்தத் துடுப்புச் சத்தம் நின்ற கொஞ்ச நேரத்தை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. நீங்கள் கெட்ட அப்பா இல்லை. கெட்ட அப்பா முன்பின் தெரியாதவளுக்குக் கடிதம் எழுத மாட்டார். ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். மச்சான் பேசுகிறார், அண்ணன் பேசுகிறார், பிரவுசிங் சென்டர்காரரும் பேசுகிறார். உங்கள் மனைவி அதில் எங்குமே இல்லை. மகள் வருவது அழுவதற்கு மட்டும். தானாக விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போய், சலுகையும் வாங்கி வந்த பெண் அவள். ஏன் இயற்பியல் என்று அவளிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா? ஒருவேளை அவளுக்கே பர்கூர் கணக்கு தெரிந்தால் மனம் மாறலாம், மாறாமலும் போகலாம். அதை அவள் சொல்லட்டும்.

கவுன்சலிங்கில் கல்லூரிப் பட்டியலைப் பூட்டும் முன் அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு வேலை நாளில் பெங்களூர் போய் வாருங்கள். விடுதியில் ஒரு வேளை சாப்பிடுங்கள். அங்கே படிக்கும் பெண்களோடு அவளைத் தனியாகப் பேச விடுங்கள். மறுநாள் பர்கூருக்கும் போங்கள். மாங்காய் சீசன், தோப்பை விட்டு வர முடியாது என்பீர்கள். மண்டிக்கு லாரி ஏற்றும் வேலையை மச்சான் இரண்டு நாள் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி எனக்கு எழுதுவதாக இருந்தால் உங்கள் மகளை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா