மலையில் மூடுபனி இறங்கினால் போன் மேப் போதுமா?

மதுரை அண்ணா நகரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: “மகள் ஜனவரியில் தோழிகளோடு உத்தராகண்டில் கேதார்காந்தா ஏறப் போகிறாள். இங்கே உள்ள ஏஜென்ட் ஒருவர் கூட்டிப்போகிறார். பனி கொட்டி வழி மறைந்தால் என்ன செய்வாய் என்றால், போன்ல மேப் இருக்கும்மா என்கிறாள். அது போதுமா?”

போதாது அம்மா. மேப்பை முன்னாலேயே டவுன்லோட் செய்தால் சிக்னல் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், சரி. ஆனால் கடுங்குளிரில் பேட்டரியில் பாதி சார்ஜ் இருக்கும்போதே போன் அணைந்து போவதுண்டு. பகலில் ஜாக்கெட் உள்பையில், ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள், எப்போதும் உடம்புச் சூட்டிலேயே இருக்கட்டும்.

கொடைக்கானல் மூடுபனியில்கூட ஒரு மரமோ ரோட்டோரக் கல்லோ கண்ணில் படும். 12,500 அடி உயரத்தில், பனி மூடிய மலைமேல் மேகம் இறங்கினால் தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, நிழலே விழாது, அடுத்த அடி மேடா பள்ளமா என்று தெரியாது. முகட்டு ஓரத்தில் காற்று பனியைத் தாழ்வாரம் மாதிரி வெளியே நீட்டி வைத்திருக்கும், அடியில் ஒன்றுமே இருக்காது. அனுபவமுள்ள கைடு அப்போது பனியை உருட்டி முன்னால் எறிவார். உருண்டை விழுந்து நிற்பது தெரிந்தால் அங்கே தரை இருக்கிறது. மறைந்து போனால் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டார். இதை எந்த மேப்பும் செய்யாது.

ஆகவே நீங்கள் துருவ வேண்டியது ஏஜென்டைத்தான். வாட்ஸ்அப்பில் ஆள் சேர்த்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, ஏற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமத்தில் யாரோ ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கமிஷனோடு ஒதுங்குகிறவர்கள் நிறைய. வானிலை கெட்டால் திரும்பச் சொல்வது யார் என்று ஒருவரிடம் கேட்டேன், “உச்சி கேரண்டி சார்” என்றார். அப்படிச் சொல்பவரிடம் பணம் கட்டவே கட்டாதீர்கள். கைடு பெயர் என்ன, எத்தனை பேருக்கு ஒருவர், அவர் குளிர்காலத்தில் அந்த மலை ஏறியிருக்கிறாரா என்று கேளுங்கள். 2024-ல் அதே உத்தராகண்டில் சஹஸ்திர தால் என்ற மலை ஏரிக்கு ட்ரெக் போன குழு பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். அது ஜூன் மாதம்! ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு கொஞ்ச நாள் கெடுபிடி, அப்புறம் விசிட்டிங் கார்டு அடித்தவரெல்லாம் ட்ரெக் லீடர். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஒரு பொருளைப் பற்றி மட்டும் நீட்டிச் சொல்கிறேன். வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாராவது கார்மின் இன்ரீச் மாதிரி சாட்டிலைட் மெசேஜ் கருவி கொடுத்தால் வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், விமான நிலையத்திலேயே பிடித்திருக்கிறார்கள். அதே கம்பெனியின் சாதாரண ஜிபிஎஸ் வாட்ச் வேறு. அது சாட்டிலைட் சிக்னலை வாங்கும், சாட்டிலைட்டுக்கு எதையும் அனுப்பாது, தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் என்று வாட்ச் பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் அதையும் வாங்காதீர்கள். உயிர் காக்கிற கருவியைத் தடுத்துவிட்டு ட்ரெக்கிங் போகிறவனுக்கு மாற்று வழி காட்டாத சட்டத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு, ஆனாலும் உங்கள் மகள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வேண்டாம்.

மேகம் இறங்கினால் முன்னால் போகிறவரின் பை கண்ணை விட்டு மறையக் கூடாது. பிரிந்துவிட்டால் தேடி நடக்காமல் அங்கேயே நின்று, நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊத வேண்டும். பிளாஸ்டிக் விசிலாக வாங்கிக் கழுத்தில் மாட்டி அனுப்புங்கள், உலோகம் குளிரில் உதட்டோடு ஒட்டிக்கொள்ளும்.