விடை கிடைக்காத 701 கோப்புகள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க விமானப்படை ‘புளூ புக்’ என்ற பெயரில் பறக்கும் தட்டுகளைப் பற்றி நடத்திய விசாரணையைக் குறித்து அண்மையில் படித்தேன். பதிவான 12,618 தகவல்களில் 701-க்கு விடை கிடைக்கவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க 1969-இல் ஏன் அந்த விசாரணையை மூடினார்கள்? மறைக்க ஏதோ இருந்தது என்றுதானே பொருள்? நான் பணிபுரியும் கல்லூரியில் இந்தப் பேச்சை எடுத்தாலே சிரிக்கிறார்கள். ஓர் அரசாங்கம் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்த ஒன்றைப் பற்றிக் கேட்பது அவ்வளவு தவறா? இத்தகைய விசாரணைகளை எப்படி மதிப்பிடுவது என்று தாங்கள் எழுத வேண்டும்.

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கேள்வியில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. வானத்தில் தாம் கண்டதை ஒருவர் அதிகாரியிடம் சொல்கிறார். அவர் அதை எழுதி வாங்கிக்கொண்டு காரணம் தேடுகிறார். இந்த இரண்டுக்கும் இடையில் நடப்பவை அனைத்தும், அறிவியல் எப்படிச் செயல்பட வேண்டும் என்பதோடும் அரசு தன் மக்களை எப்படி நடத்த வேண்டும் என்பதோடும் தொடர்புடையவை. நீங்கள் ஐயுறுவது போல மறைப்பும் நடந்தது. ஆனால் மறைக்கப்பட்டவை வேற்றுக்கிரகக் கலங்கள் என்பதற்கு அந்தக் கோப்புகளில் சான்று இல்லை. அமெரிக்கா தன் சொந்தப் பலூன்களையும் உளவு விமானங்களையுமே மறைத்தது. அந்த மறைப்பு விளைவித்த கேடு பெரியது என்று நான் கருதுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விசாரணை ஏன் தொடங்கியது என்று பார்த்தால் அது ஏன் மூடப்பட்டது என்பதும் விளங்கும். 1947 ஜூன் 24 அன்று கென்னத் அர்னால்டு என்ற விமானி, வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருட்கள் வரிசையாக விரைந்து சென்றதைக் கண்டதாகச் சொன்னார். அதன்பின் நாடெங்கும் அதுபோன்ற செய்திகள் வரத் தொடங்கின. பனிப்போர் தொடங்கிவிட்ட காலம் அது. அவை சோவியத் ஒன்றியத்தின் புதிய விமானங்களாக இருக்குமோ என்பதே விமானப்படையின் முதன்மையான கவலை. ஓஹையோவில் உள்ள ரைட்-பேட்டர்சன் தளத்தில் 1948-இல் ‘சைன்’ என்றும், 1949-இல் ‘கிரட்ஜ்’ என்றும், 1952 முதல் ‘புளூ புக்’ என்றும் பெயர் மாறி அந்த விசாரணை நடந்தது. 1969 டிசம்பர் 17 அன்று அது மூடப்பட்டபோது விமானப்படை சொன்ன முடிவுகளைக் கவனியுங்கள்: எந்தப் பொருளும் நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தலாக இருந்ததாகத் தெரியவில்லை, இன்றைய அறிவியலுக்கு அப்பாற்பட்ட தொழில்நுட்பத்துக்கோ வேற்றுக்கிரகக் கலங்களுக்கோ சான்று இல்லை. பாதுகாப்புப் பற்றிய கேள்விக்கு விடை கிடைத்ததும் ஒரு படைப்பிரிவின் வேலை முடிந்துவிடுகிறது. எஞ்சிய 701 கோப்புகளும் அதற்குப் பிறகு அறிவியலின் பொறுப்பு; அறிவியல் அமைப்புகளோ அவற்றை ஏற்க முன்வரவில்லை.

அந்த 701 என்ற எண்ணையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். போதிய தகவல் இல்லாதவற்றை விமானப்படை தனி வகையாக ஒதுக்கியிருந்தது. தகவல் போதுமானதாகத் தோன்றியும் தெரிந்த எந்தப் பொருளோடும் பொருந்தாதவையே 701-இல் அடங்கின. ஆனால் அந்தத் தகவல்களில் பெரும்பகுதி கண்ணால் கண்ட சாட்சியம். வானில் தனித்துத் தெரியும் ஒளி ஒன்றைப் பார்க்கும்போது நம் கண்ணுக்குக் கிடைப்பது கோணம் மட்டுமே. அது அருகில் மெல்லச் செல்லும் சிறிய பொருளாக இருக்கலாம். தொலைவில் விரைந்து செல்லும் பெரிய பொருளாகவும் இருக்கலாம். தொலைவு, பருமன், வேகம் ஆகிய மூன்றில் ஒன்றாவது வேறு வழியில் உறுதியாகத் தெரியாதவரை மற்ற இரண்டையும் எவராலும் சொல்ல முடியாது. அனுபவம் மிக்க விமானிக்கும் இது பொருந்தும். ஆகவே ‘அடையாளம் தெரியவில்லை’ என்ற முத்திரை, பொருளின் தன்மையைக் காட்டிலும் நம்மிடம் உள்ள சான்றின் தன்மையையே நமக்குத் தெரிவிக்கிறது.

இனி மறைப்புக்கு வருகிறேன். 1948 ஜனவரி 7 அன்று கென்டக்கியில் காப்டன் தாமஸ் மாண்டெல் என்ற விமானி, வானில் மிக உயரத்தில் தெரிந்த பளபளப்பான ஒரு பொருளைத் துரத்திக்கொண்டு ஆக்சிஜன் கருவி இல்லாமலே இருபதாயிரம் அடிக்கும் மேலே ஏறினார். அவருடைய விமானம் நொறுங்கி விழுந்து அவர் இறந்தார். வயது இருபத்தைந்து. அவர் துரத்தியது வெள்ளி கிரகம் என்று முதலில் விளக்கம் தரப்பட்டது. நண்பகல் கடந்த வெளிச்சத்தில் வெள்ளியைக் காண்பது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்கள் அதை நம்பவில்லை. நம்பாததில் தவறும் இல்லை. அன்று அங்கே மிதந்தது பெரும்பாலும் ‘ஸ்கைஹூக்’ எனப்படும் ராட்சத பலூனாக இருக்கும் என்ற முடிவு பின்னால்தான் வந்தது. அந்தப் பலூன் திட்டம் அப்போது அமெரிக்கக் கடற்படையின் இரகசியம். மாண்டெலுக்கும் அது தெரியாது, அவர் மரணத்தை விசாரித்தவர்களுக்கும் தெரியாது. ஒரு துறையின் இரகசியத்தால் இன்னொரு துறையின் விசாரணை தவறான விடையைச் சொல்ல நேர்ந்தது. அந்தத் தவறான விடை பல ஆண்டுகளுக்குச் சதிக் கதைகளுக்கு உரமாயிற்று.

1955-இல் ‘யூ-2’ உளவு விமானத்தின் சோதனைகள் தொடங்கியபோது இதுவே பெரிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது. பயணிகள் விமானங்கள் இருபதாயிரம் அடிக்குக் கீழே பறந்துகொண்டிருந்த காலத்தில் யூ-2 அறுபதாயிரம் அடிக்கு மேலே பறந்தது. தரையில் இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் சூரிய ஒளி இருக்கும். மாலை நேரத்தில் அதன் வெள்ளிநிற இறக்கைகளில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தைக் கீழே பறந்த விமானிகள் நெருப்புக் கோளங்களாகக் கண்டார்கள். அமெரிக்க மத்திய உளவுத்துறையின் (சி.ஐ.ஏ.) வரலாற்றுப் பதிவே சொல்வதன்படி, புளூ புக் அதிகாரிகள் வந்த தகவல்களை யூ-2 பறந்த நேரங்களோடு ஒப்பிட்டு உண்மையைத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் தாம் கண்டதைக் கடிதமாக எழுதி அனுப்பியவர்களுக்கு அதைச் சொல்ல முடியவில்லை. ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் வந்த தகவல்களில் பாதிக்கும் மேல் இத்தகைய விமானங்களால் விளைந்தவை என்கிறது அந்தப் பதிவு. அந்த விகிதம் மிகை என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அது மிகையாகவே தோன்றுகிறது. ஆனால் கண்டதைக் கண்டபடியே சொன்ன மனிதரிடம் உண்மை தெரிந்த அதிகாரி வேறொன்றைச் சொல்லி அனுப்பினார் என்பது மறுக்க முடியாதது. படை இரகசியத்துக்கு நியாயம் இருந்திருக்கலாம். அதற்கான விலையைச் சாட்சிகள் தங்கள் மானத்தால் கொடுத்தார்கள்.

இந்த மனப்போக்கு கொள்கையாகவும் மாறியது. 1952 ஜூலையில் தலைநகர் வாஷிங்டனின் விமான நிலைய ராடார்களில், அடுத்தடுத்த இரு வார இறுதிகளில் இனம் தெரியாத புள்ளிகள் தோன்றின. போர் விமானங்கள் ஏவப்பட்டன. மேலே வெப்பக் காற்றும் கீழே குளிர்க் காற்றும் அடுக்காக நிற்கும்போது ராடார் அலைகள் வளைந்து பொய்த் தோற்றம் தரும் என்று விமானப்படை விளக்கியது. அது ஏற்கத்தக்க விளக்கமே. ஆனால் 1953 ஜனவரியில் மத்திய உளவுத்துறை கூட்டிய ராபர்ட்சன் குழு, சில நாட்களே அமர்ந்து, வேறொரு திசையில் பரிந்துரை செய்தது: இந்தத் தகவல்கள் பெருகினால் உண்மையான தாக்குதலின்போது எச்சரிக்கை வழிகள் அடைபட்டுவிடும், ஆகவே வெகுஜன ஊடகங்களின் வழியாகப் பொதுமக்களின் ஆர்வத்தைத் தணிக்க வேண்டும், இதில் ஈடுபாடு கொண்ட குடிமக்கள் அமைப்புகளையும் கண்காணிக்க வேண்டும் என்றது. அதுவரை காரணம் தேடுவதாக இருந்த வேலை, அதன்பின் பெரும்பாலும் மக்களைச் சமாதானப்படுத்தும் வேலையாகத் தேய்ந்தது. புளூ புக்கின் சரிவு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அதன் விளைவை 1966 மார்ச்சில் மிச்சிகனில் காணலாம். அங்கே பலர் சதுப்பு நிலங்களின் மேல் விளக்குகளைக் கண்டதாகச் சொன்னார்கள். விமானப்படையின் ஆலோசகராக 1948 முதல் பணியாற்றிய வானியலாளர் ஜே. ஆலன் ஹைனெக், அவற்றில் சில சதுப்பு வாயு எரிந்ததால் தோன்றியிருக்கலாம் என்று செய்தியாளர்களிடம் கூறினார். அந்த விளக்கம் நாடெங்கும் கேலிக்கு உள்ளானது. சாட்சிகள் தாங்கள் அவமதிக்கப்பட்டதாக உணர்ந்தார்கள். அந்த மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினரும் பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவருமான ஜெரால்டு ஃபோர்டு, நாடாளுமன்ற விசாரணை வேண்டும் என்று கோரினார். அதன் தொடர்ச்சியாகவே இயற்பியலாளர் எட்வர்ட் காண்டனின் தலைமையில் கொலராடோ பல்கலைக்கழகத்திடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது.

அந்த ஆய்வு தொடங்குவதற்கு முன்பே, ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் எழுதிய குறிப்பு ஒன்று பின்னர் வெளிவந்தது. பறக்கும் தட்டுகளில் நம்பிக்கையற்றவர்களே ஆய்வை நடத்தினாலும் பொதுமக்களுக்கு அது முற்றிலும் நடுநிலையானதாகத் தோன்றும்படி செய்ய வேண்டும் என்ற பொருளில் அது அமைந்திருந்தது. 1969 ஜனவரியில் வெளியான அறிக்கையின் முகப்பில், இருபத்தோரு ஆண்டுகளில் இத்துறையிலிருந்து அறிவியலுக்கு எதுவும் கிடைக்கவில்லை, மேலும் விரிவாக ஆராய்வதற்கு நியாயமில்லை என்று காண்டன் எழுதினார். அதே அறிக்கையின் உட்பக்கங்களில் அவருடைய குழுவினர் ஆராய்ந்த நிகழ்வுகளில் கணிசமானவை விளக்கம் இல்லாமலே நின்றன. காண்டனின் முடிவு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பின்வந்த காலம் அதைப் பெரிதும் உறுதிப்படுத்தியிருக்கிறது. முடிவை முதலில் எழுதிவிட்டு ஆராய்ந்ததாகத் தோன்றும்படி நடந்துகொண்டதால், சரியான முடிவும் நம்பப்படாமல் போயிற்று.

இதே வேலையைப் பிரான்ஸ் வேறு விதமாகச் செய்தது. 1977-இல் தன் தேசிய விண்வெளி ஆய்வு மையத்தின் துலூஸ் நகர வளாகத்தில் அது ஒரு சிறு பிரிவை அமைத்தது. இன்று ஜெயிபான் என்ற பெயரில் இயங்கும் அந்தப் பிரிவு குடிமை விஞ்ஞானிகளின் பொறுப்பில் உள்ளது. கிராமப்புறங்களில் ஜாந்தார்ம் காவலர்கள் சாட்சியத்தை முறைப்படி பதிவு செய்து அனுப்புகிறார்கள். ஒவ்வொரு நிகழ்வும் நான்கு வகைகளில் ஒன்றில் சேர்கிறது: உறுதியாக விளங்கியது, பெரும்பாலும் விளங்கியது, தகவல் குறைவால் சொல்ல முடியாதது, நல்ல தகவல் இருந்தும் விளங்காதது. மூன்றாவதையும் நான்காவதையும் தெளிவாகப் பிரித்து வைத்ததோடு, 2007 முதல் கோப்புகளைச் சாட்சிகளின் பெயரை நீக்கிப் பொதுமக்கள் பார்வைக்கும் வைத்துவிட்டார்கள். புதிய கணக்கீட்டுக் கருவிகள் கிடைக்கும்போது பழைய கோப்புகளையும் மீண்டும் எடுத்து ஆராய்கிறார்கள். அதனால் நான்காம் வகை பெரிதும் சுருங்கி, இப்போது மூன்று விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. ஓர் அரசு அலுவலகம் தன் பழைய முடிவைத் தானே திருத்தி வெளியிடுவதைக் காணும்போது எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாகிறது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் பாங்காங் ஏரிக்கு அப்பால் இனம் தெரியாத ஒளிப்பொருட்களைக் கண்டதாக எல்லையில் நின்ற நம் வீரர்கள் 329 முறை பதிவு செய்தார்கள். சீனாவின் ஆளில்லா விமானங்களாக இருக்குமோ என்று படை அஞ்சியதில் வியப்பில்லை. கொடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்திவரும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அழைக்கப்பட்டார்கள். ஒன்று மாலை ஆறு மணியளவில் தோன்றி விடியும்வரை நிற்கிறது, மற்றொன்று அதிகாலை நான்கு மணியளவில் எழுகிறது என்ற பதிவுகளை விண்மீன்களின் இருப்போடு ஒப்பிட்டு, முன்னது வியாழன், பின்னது வெள்ளி என்று அவர்கள் கண்டறிந்தார்கள். அந்த உயரத்தின் மெல்லிய, தூய காற்றில் கிரகங்கள் சமவெளியில் தெரிவதைவிட மிகுதியாக ஒளிர்வது வீரர்களைக் குழப்பியிருக்க வேண்டும். நேரத்தையும் திசையையும் ஒழுங்காகக் குறித்துவைத்த அந்த வீரர்களால்தான் விடை கிடைத்தது. அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

அண்மைக் காலத்தில் அமெரிக்காவும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 ஜூனில் அந்நாட்டு உளவுத்துறை இயக்குநரகம் வெளியிட்ட அறிக்கை, 144 நிகழ்வுகளில் ஒன்றை மட்டுமே உறுதியாக இனம் காண முடிந்தது என்று திறந்த மனத்துடன் சொன்னது. அந்த ஒன்று காற்றிழந்துகொண்டிருந்த பெரிய பலூன். 2023 செப்டம்பரில் நாசாவின் குழு, கடலை ஒட்டி மின்னல் வேகத்தில் பாய்வதாகத் தோன்றிய பொருள் ஒன்றின் கடற்படைக் காணொளியை எடுத்துக்கொண்டு, திரையில் தெரிந்த எண்களை வைத்தே முக்கோணக் கணக்குப் போட்டுக் காட்டியது. அந்தப் பொருள் உண்மையில் பதின்மூவாயிரம் அடி உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 40 மைல் வேகத்தில்தான் சென்றது. வேகமாகத் தெரிந்ததற்குப் பெரும் காரணம் படம் எடுத்த விமானத்தின் சொந்த வேகம். நான் மேலே கோணத்தைப் பற்றிச் சொன்னதை உங்கள் மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பள்ளி அளவிலான கணிதமே அதற்குப் போதும்.

புளூ புக் கோப்புகள் இன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கின்றன. ஆனால் நீங்கள் படிக்கத் தொடங்குவதானால், முதலில் பிரான்சின் கோப்புகளை எடுத்து, அங்கே 1990 நவம்பர் 5 மாலை நிகழ்ந்ததிலிருந்து தொடங்குங்கள். ஒரே பொழுதில் நாட்டின் குறுக்கே பலர், விமானிகள் உட்பட, விளக்குகள் பொருத்திய மாபெரும் முக்கோணக் கலம் ஒன்று ஓசையின்றிக் கடந்ததாகச் சொன்னார்கள். கடந்தது, செயற்கைக்கோள் ஒன்றை ஏவிய சோவியத் புரோட்டான் ராக்கெட்டின் மூன்றாம் கட்டம். வளிமண்டலத்தில் மீண்டும் நுழைந்து சிதறி எரிந்த அதன் துண்டுகளை, இருண்ட வானில் இடைவெளிகளை நிரப்பி ஒரே உடலாகக் கண்டது மனிதக் கண். சாட்சியங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துவிட்டு, அதன் பிறகு ராக்கெட்டின் பாதையைப் பாருங்கள்.

அன்புடன்.